யோகட் கப்பில் காற்றை அளந்த மகனுக்கு

ஜெறோம்,

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நீ மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறப்போகிறாய். உன் அப்பா இரண்டு நாட்களாக உன் பெட்டிக்குக் கயிறு கட்டுகிறார், அவிழ்க்கிறார், திரும்பக் கட்டுகிறார். கேட்டால், "கிழக்கு ரோட்டெல்லாம் குண்டும் குழியும், பெட்டி திறந்து போடும்" என்கிறார். அவருக்குக் கவலையைக் காட்ட ஒரு கயிறு கிடைத்துவிட்டது. எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வாயால் சொல்லத் தொடங்கினால் நீ சிரித்து, என் தோளைப் பிடித்து, "சரி அம்மா, சரி அம்மா" என்று பாதியிலேயே முடித்துவிடுவாய். கடிதத்தின் தோளை உன்னால் பிடிக்க முடியாது.

எனக்கு உன் மேல் பொறாமை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தாய்க்குத் தன் பிள்ளை மேல் இது வரக்கூடாது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னபோது சுவாமியார்கூட, "பெருமையைத்தான் நீங்கள் பிழையாக விளங்கிக்கொண்டீர்கள், அம்மா" என்றார். நான் முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பித்தவள். பெருமை எது, பொறாமை எது என்று எனக்குத் தெரியும். பெருமை வந்தால் மனிதர் நன்றாகத் தூங்குவார்கள். உன் பெயரை யாராவது புகழ்ந்துவிட்டுப் போனால் நான் சமையலறையில் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவுகிறேன்.

அது தொடங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீ எங்கள் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்துக்கே ஆசிரியராக வந்த முதல் வருடம். எனக்கு ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள்தான் இருந்தன. உன் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டிதான். அது கூரை வரைக்கும் போகாது. நான் முகில் வகைகளைச் சொல்லி எழுதுவித்துக்கொண்டிருந்தேன். கீற்றுமுகில், படைமுகில், திரண்முகில். ஒவ்வொன்றுக்கும் உயரம், நிறம், தன்மை. என் வகுப்பில் பேனா ஓடும் சத்தம் மட்டும்தான் கேட்கும். அதுதான் நான் எடுத்த பெயர். அன்று பின்னேரம் வானம் இருண்டு, துறைமுகப் பக்கம் மின்னத் தொடங்கியது. தட்டிக்கு அந்தப் பக்கம் நீ, "எல்லாரும் விறாந்தைக்கு வாங்கோ, சுவரோட நில்லுங்கோ, மின்னின உடனே எண்ணத் தொடங்குங்கோ" என்றாய். பிறகு நாற்பது தொண்டைகள் ஒன்றாக எண்ணின. இடி விழுந்ததும் நீ, "மூண்டால பிரியுங்கோ! எத்தனை கிலோமீற்றர்?" என்று கத்தினாய். அவர்கள் பதிலுக்குக் கத்தினார்கள். அடுத்த மின்னலுக்கு எண்ணிக்கை குறைந்தது. "சேர், கிட்ட வருது! கிட்ட வருது!" என்று ஒரு பிள்ளை வீரிட்டது. "அப்ப என்ன செய்யவேணும்?" என்றாய் நீ. கால்கள் தடதடவென்று உள்ளே ஓடி வந்தன.

என் வகுப்பில் பேனாக்கள் நின்றுவிட்டன. முன் வாங்கிலிருந்த ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், நாங்களும் போய் எண்ணுவமா?" என்று கேட்டாள். "முதல் நோட்ஸ் முடியட்டும்" என்றேன். நோட்ஸ் முடிந்தபோது மழையும் முடிந்திருந்தது. அந்தப் பிள்ளை கொப்பியை மூடிவிட்டு வெளியே பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அவளையா, உன்னையா என்று கேட்காதே.

இன்னொரு நாள் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். ஒரு பெண் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "நீங்க ஜெறோம் சேர்ட அம்மாதானே? எங்கட மூத்தது வீட்டில எந்த நேரமும் அவர்ட கதைதான். மாடியில போத்தலை வெட்டி வச்சு மழையை அளக்குது." நான் சிரித்தேன். அவளை எனக்குத் தெரியும். மூன்றாவது வாங்கில் சன்னலோரம் இருந்தவள், சாதாரண தரத்தில் என் பாடத்தில் திறமைச் சித்தி எடுத்தவள். நான் அவளுக்குப் படிப்பித்தவள் என்று நானே சொல்லவேண்டி வந்தது. அவள் கண்களைச் சுருக்கிப் பார்த்தாள். "ஐயோ டீச்சர்! ஓம், ஓம். நீங்களும் எங்களுக்குப் படிப்பிச்சீங்க. என்ன பாடம்?" என்றாள். அன்றைக்கு வாங்கிய மீன் கருகிப்போனது. அப்பாவிடம் அடுப்பைக் குற்றம் சொன்னேன்.

உனக்கு ஒன்று தெரியவேண்டும். நான் உன் பாடத்தை மோசம் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. மோசம் என்று நினைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். கரும்பலகையில் உன் எழுத்து வலது பக்கம் சரிந்துபோகிறது. பாடத்திட்டத்தை ஒரு தவணையும் நேரத்துக்கு முடித்ததில்லை. இதையெல்லாம் ஆசிரியர் அறையில் சொல்லி ஆறுதல் அடைந்திருக்கிறேன். ஆனால் நீ வெள்ளத்தைப் பற்றிப் படிப்பித்தபோது நான் தட்டிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கொப்பி திருத்துவதுபோல இருந்து கேட்டேன். களனி கங்கை பெருகினால் எங்கள் பக்கத்துத் தோட்டக் குடியிருப்புகளின் நெருக்கமான வீடுகளுக்குள் தண்ணீர் எந்த வழியாக வரும் என்று பிள்ளைகளையே வரையச் சொன்னாய். அவரவர் வீட்டு வாசலைக் குறிக்கச் சொன்னாய். நான் அதே கங்கையின் நீளத்தையும், அது தொடங்கும் மலையையும், சேரும் கடலையும் முப்பது வருடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது யாருடைய வாசலால் வரும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பிறகுதான் உன்னுடைய அந்தச் செயின் வந்தது. ஆபத்து என்றால் ஒருவர் இரண்டு பேருக்குச் சொல்லவேண்டும், அந்த இருவரும் ஆளுக்கு இரண்டு பேருக்கு. கூச்சல் போடக்கூடாது, ஓடக்கூடாது, குறித்த இடத்தில் வந்து நிற்கவேண்டும், ஒருவர்தான் கதைக்கவேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்ரிக் பை, அதில் அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், மருந்து, ரோச் லைற். பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு நிற்காமல் எங்கள் ஒழுங்கையில் இருந்த வீடுகள் முழுவதையும் சேர்த்தாய். இடியப்பம் அவித்து விற்கும் சோமா அக்கா சிங்களம், அவரும் சேர்ந்தார். என்னிடமும் வந்து, "அம்மா, உங்களுக்கு ஆர் சொல்லுறது, நீங்க ஆருக்குச் சொல்லுறது எண்டு பாப்பமா?" என்றாய். "எனக்கு வெள்ளம் வந்தா காலில தெரியும்" என்றேன். நீ வற்புறுத்தவில்லை. இன்னும் ஒருமுறை கேட்டிருந்தால் சேர்ந்திருப்பேன்.

அந்தக் காற்றுவேகமானியையும் நீ அப்போதுதான் செய்யத் தொடங்கினாய். நான்கு யோகட் கப், சைக்கிள் கம்பி, உடைந்த விளையாட்டுக் காரிலிருந்து கழற்றிய சின்ன மோட்டார், அப்பாவின் பழைய ரேடியோவில் இருந்த மீற்றர் முள். எல்லாவற்றையும் ஒரு சோப்புப் பெட்டிக்குள் அடக்கி, சிவப்பு வயர் ஒன்றும் கறுப்பு வயர் ஒன்றும் வெளியே விட்டாய். காற்று கப்பைச் சுழற்றினால் மோட்டார் சுழலும், முள் நகரும். மாலை நேரங்களில் சாப்பாட்டு மேசையில் வைத்து நீ அதோடு மல்லுக்கட்டுவாய். நான் சமையலறையில் வெங்காயம் உரித்தேன் என்றுதான் நீ நினைத்திருப்பாய். நான் உன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கப்புகள் மோட்டார்த் தண்டில் நிற்காமல் வழுக்கின. நீ என் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்து, எச்சிலில் நனைத்து, தண்டில் இறுக்கமாகச் சுற்றி, அதன் மேல் கப்புகளை அழுத்தி ஏற்றினாய். நீ ரியூஷன் வகுப்புக்குப் போன ஒரு சனிக்கிழமை அதை எடுத்து வைத்துச் சுற்றிப் பார்த்தேன். கழற்றினேன். திரும்பப் பூட்டினேன். எங்கே பிழை இருக்கும் என்று தேடினேன். பிழை இருந்தால் நன்றாக இருக்கும் என்று தேடினேன், ஜெறோம். பிழை இருக்கவில்லை. கரும்பலகையில் நிறச் சுண்ணக்கட்டியால் நான் வருடாவருடம் வரைந்த படம் என் மேசையில் நிஜமாக நின்று சுழன்றது. அதை நான் செய்யவில்லை.

இனி வெள்ளவத்தையில் உன்னைப் பிடித்த நாளுக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த பாதியை நான் சொல்லத் தேவையில்லை. உன் வெள்ளவத்தை ரியூஷன் பிள்ளைகளுக்குக் கடற்காற்றைக் காட்ட அந்தப் பெட்டியோடு பஸ்ஸில் போனாய். காலி வீதிச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். உன் பைக்குள் சோப்புப் பெட்டியும் சிவப்பு வயரும் கறுப்பு வயரும். அந்த நாட்களில் ஒரு தமிழ்ப் பெடியனின் பைக்குள் குண்டு என்று நினைக்க அதைவிட வேறென்ன வேண்டும். அதே பஸ்ஸில் உன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஷர்மிளா தாயோடு வந்தது தற்செயல். அவர்கள் உன்னை ஜீப்பில் ஏற்றியதைப் பார்த்தவுடன் அவள் அழவில்லை என்று தாய் பிறகு சொன்னாள். பக்கத்துக் கொமினிக்கேஷன் கடைக்குள் போய், தன் இரண்டு பேருக்கு ரெலிபோன் எடுத்திருக்கிறாள்.

உனக்குத் தெரியாத பாதி எங்கள் வீட்டில் தொடங்குகிறது. நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். உன் அப்பா, துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த காலத்திலும் ஒருநாள் அவசரப்படாத மனிதர், வெறுங்காலோடு ஒழுங்கையால் ஓடி வந்தார்.

"ஜெறோமைப் பிடிச்சிட்டாங்கள். வெள்ளவத்தையில. சீலையை மாத்து."

"ஆர் சொன்னது?"

"சோமா அக்கா."

"அவவுக்கு ஆர் சொன்னது?"

"செயின்" என்றார். சொல்லிக்கொண்டே கதவுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பிளாஸ்ரிக் பையை எடுத்தார். என் வீட்டுக் கதவுக்குப் பின்னால்! அதற்குள் உன் ஆசிரியர் நியமனக் கடிதத்தின் பிரதி, பள்ளிக்கூடக் கடிதம், எங்கள் வீட்டாரைப் பொலிஸில் பதிந்த பத்திரத்தின் பிரதி, எல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தன. "நீங்களும் இதில சேர்ந்தீங்களா?" என்று கேட்டேன். மகனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், அந்த நிலையிலும் எனக்கு அதுதான் முதலில் சுட்டது. அப்பா என்னைப் பார்த்தார். "நீ வேண்டாம் எண்டு சொன்னபடியா உன்ர பங்கையும் நான் எடுத்தனான்" என்றார்.

திரீவீலரில் நானும் அப்பாவும் சோமா அக்காவும். பொலிஸ் நிலையத்துக்கு எதிரே இறங்கினோம். நாங்கள் இறங்கிய பக்கத்திலேயே, பூட்டிய கடையொன்றின் தாழ்வாரத்துக்குக் கீழே, கொட்டாஞ்சேனையே வந்து நின்றது. உன் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார், ஹாஜியார் ஒருவர், பள்ளிக்கூட அதிபர், சந்தையில் என்னை மறந்துபோன அந்தப் பெண்கூட. யாரும் கத்தவில்லை, யாரும் வீதியைக் கடக்கவில்லை. நீ சொல்லிக் கொடுத்தபடியே, வயதானவர்கள் சுவரோரம், குறுக்கே யாரும் இல்லை. அந்தக் கூட்டம் கூச்சல் போட்டிருந்தால் காவலுக்கு நின்ற பெடியன்கள் பயந்து துவக்கை நீட்டியிருப்பார்கள். அமைதியாக நின்றபடியால் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பொழுதுபட்டால் உன்னை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள், மாற்றினால் தேடி அலையவேண்டியதுதான் என்று அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். என்னைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் இத்தனை பேர் வந்திருப்பார்களா என்று எண்ணிப் பார்த்தேன். வேண்டாத நேரத்தில் வேண்டாத கணக்கு. வந்திருக்கமாட்டார்கள் என்ற விடையோடுதான் வீதியைக் கடந்தேன்.

வாசலில் சோமா அக்காதான் கதைத்தார். "அவனை நான் சின்னனில தூக்கினவள், மஹத்தயா. அவன் பிள்ளைகளுக்கு மழையும் காற்றும் படிப்பிக்கிறவன். இது அவன்ட அம்மா, இவவும் டீச்சர்" என்று சிங்களத்தில் சொல்லி, என்னை முன்னால் தள்ளினார். ஒருவர்தான் உள்ளே போகலாம் என்றார்கள். அப்பா அந்தப் பையை என் கையில் தந்தார்.

உள்ளே ஒரு அதிகாரி மேசைக்குப் பின்னால் இருந்தார். என் வயதுக்குக் கொஞ்சம் குறைவு. மேசையில் உன் காற்றுவேகமானி துண்டு துண்டாகக் கிடந்தது. கப்புகள் தனியாக, மோட்டார் தனியாக. ஒரு கப்பை யாரோ முறுக்கித் திருப்பியிருந்தார்கள். அவர் கடிதங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். பிறகு பேனாவால் மோட்டாரைத் தொட்டார்.

"இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"காற்றின் வேகத்தை அளக்கிறது."

"உங்கள் மகனும் அதையேதான் சொல்கிறான். யோகட் கப்பால் காற்றை அளக்கிறதாம்." அவர் சிரிக்கவில்லை. "நீங்களும் டீச்சர்தானே? அப்படியென்றால் அளந்து காட்டுங்கள்."

அந்த நிமிடத்தில் எனக்குள் என்ன நடந்தது என்று உண்மையாகச் சொல்கிறேன். முதலில் பயம் வரவில்லை. "நீங்களும் டீச்சர்தானே" என்ற சொல்தான் வந்து நின்றது. அத்தனை வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் ஒரு கருவியைத் தந்து, செய்து காட்டு என்று சொன்னதில்லை. பிறகுதான் பயம் வந்தது. அவர் மேசை லாச்சிக்குள் நூல் இருக்குமா என்று கேட்க வாய் வரவில்லை. சீலைத் தலைப்பில் பிரிந்திருந்த ஒரு நூலைப் பிடித்து இழுத்தேன். நீளமாக வந்தது. வாயில் நனைத்து, மோட்டார்த் தண்டில் நீ சுற்றியது போலவே சுற்றினேன். கப்புகளைக் கம்பியில் பூட்டி, அதைத் தண்டில் ஏற்றி அழுத்தினேன். திருகியிருந்த கப்பை நேராக்கினேன். நான்கு கப்பின் வாயும் ஒரே சுற்றுத் திசையைப் பார்க்கவேண்டும், ஒன்று எதிர்ப்பக்கம் பார்த்தால் சுழலாது. அது என் நோட்ஸில் இருக்கிறது, ஜெறோம். ஒவ்வொரு வருடமும் கீழே கோடு போட வைத்த வரி. சிவப்பு வயரை முள்ளின் இந்தப் பக்கமும் கறுப்பை அந்தப் பக்கமும் முறுக்கினேன். நான் வயரைத் தொட்டபோது கதவடியில் நின்ற பொலிஸ்காரர் ஒரு அடி பின்னால் வைத்தார்.

அதிகாரியின் மேசையில் ஒரு சின்ன விசிறி இருந்தது. "அதைப் போடுங்கள்" என்றேன். வகுப்பில் கடைசி வாங்குப் பிள்ளைக்குச் சொல்லும் குரலில்தான் வந்தது. அவர் போட்டார். கப்புகள் ஒருமுறை தயங்கின. பிறகு சுழன்றன. முள் எழும்பியது. "கூட்டுங்கள்" என்றேன். அவர் அடுத்த பொத்தானை அழுத்தினார். முள் இன்னும் எழும்பியது. மூன்றாவதையும் தானாகவே அழுத்தினார். கப்புகள் நான்கும் ஒரு வெள்ளை வளையமாகத் தெரிந்தன. கதவடியில் நின்றவர் இப்போது மேசைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி விசிறியை அணைத்தார். முள் கீழே வந்தது. திரும்பப் போட்டார். எழும்பியது. அவர் அதை எத்தனை தடவை செய்தார் என்று நான் பார்க்கவில்லை. முதல் தடவைக்குப் பிறகு அவர் என்னைச் சந்தேகத்தோடு பார்க்கவில்லை என்பதை மட்டும் பார்த்தேன்.

"வெளியே நிற்கிறவர்கள் எல்லோரும் இவனுக்காகவா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

"திங்கட்கிழமை வந்து கையெழுத்து வைக்கட்டும். இது இங்கே இருக்கட்டும்" என்று உன் காற்றுவேகமானியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

நீ வெளியே வந்தாய். உதட்டில் காயம், சட்டையில் ஒரு கை கிழிந்திருந்தது. என்னைக் கட்டிக்கொண்டாய். அது உண்மை. ஆனால் ஒரு நிமிடம்தான். வீதிக்கு அப்பால் ஷர்மிளா, "சேர்! செயின் வேலை செய்தது!" என்று கத்தினாள். அவ்வளவு நேரம் அடக்கி வைத்த சத்தம் எல்லாம் ஒன்றாக வந்தது. நீ கண்ணீரோடு அவர்களிடம் போனாய். யாரோ உன்னைத் தூக்கினார்கள். நான் திரீவீலருக்குள் ஏறி இருந்தேன். என் சீலைத் தலைப்பு கோணலாக இழுபட்டுச் சுருங்கியிருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் நீ, "பாத்தீங்களா அம்மா, பிள்ளைகள் என்ன செய்திருக்கினம்!" என்றாய். "ஓம், பாத்தனான்" என்றேன். உள்ளே என்ன நடந்தது என்று நீ கேட்பாய் என்று எங்கள் ஒழுங்கை வரும் வரைக்கும் காத்திருந்தேன். அந்தக் கிழமை முழுவதும் காத்திருந்தேன். பிறகு காத்திருப்பதே ஒரு பழக்கமாகிவிட்டது.

அந்தக் கதையை நீ எத்தனை மேடைகளில் சொல்லியிருப்பாய். பரிசளிப்பு விழாவில் முன்வரிசையில் இருந்து நானும் கேட்டேன். வெள்ளத்துக்காகப் பழகிய ஒழுங்கு ஒரு மனிதனை எப்படி மீட்டது என்று சொன்னாய். மண்டபம் எழுந்து கை தட்டியது. நானும் எழுந்தேன். அப்பா என்னைப் பார்த்து, "என்ன, கண் கலங்குது" என்றார். "விசிறிக் காற்று" என்றேன். அவர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டார்.

இப்போது கடல் பேரலையாகக் கரையூர்களுக்குள் வந்து போய்விட்டது. சமாதானம் என்று சொல்லப்படுகிற இந்த நாட்களில், குண்டு இல்லாமலே அத்தனை பேர் போனார்கள். அந்தச் செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நீ நாள் கணக்காகச் சாப்பிடவில்லை. "மின்னல் சொன்னன், வெள்ளம் சொன்னன், மண்சரிவு சொன்னன், சூறாவளி சொன்னன். கடல் பின்வாங்கினா மேட்டுக்கு ஓடு எண்டு ஒரு நாளும் சொல்லேல்ல அம்மா" என்றாய். உன் தலையைத் தடவிக்கொண்டு நின்றேன். அப்போதும் ஒன்று உள்ளே குத்தியது. கடலடிப் புவிநடுக்கத்தால் பேரலை எழும் என்று நான் ஒரு வரி எழுதுவித்திருக்கிறேன். நீ சொல்லாததை நான் சொல்லியிருக்கிறேன். ஆனால் சாப்பாடு இறங்காமல் போனது உனக்கு. எனக்கு இறங்கியது. நல்ல ஆசிரியர் யார் என்று அதைவிட வேறு யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

மட்டக்களப்பிலிருந்து கூப்பிட்டார்கள். உன்னைத்தான் கூப்பிட்டார்கள். கரையோரப் பள்ளிக்கூடங்களில் வகுப்பு எடுக்கவும் ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவும் போகிறாய். அந்தப் பிள்ளைகள் மேலும் எனக்குப் பொறாமை. எல்லாவற்றையும் இழந்த பிள்ளைகள் மேல் பொறாமைப்படும் கிழவி என்று நினைத்துக்கொள். அவர்கள் காலையில் உன் குரலைக் கேட்பார்கள். நான் இங்கே தட்டி இல்லாத வீட்டில் இருப்பேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் நீ என்னைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். எண்பத்துமூன்று யூலைக் கலவரத்தின்போது எங்களைப் பள்ளிக்கூட மண்டபமொன்றில் அகதிகளாக வைத்திருந்தார்கள். நீ சின்னப்பிள்ளை, என் மடியில் காய்ச்சலோடு கிடந்தாய். சுற்றிவரப் பிள்ளைகள். சில பிள்ளைகள் தங்கள் வீடு எரிவதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். யாரும் நித்திரை கொள்ளவில்லை, ஒரு சின்னச் சத்தத்துக்கும் வீரிடுவார்கள். பெரியவர்கள் அவர்களைச் சூழ்ந்து, பயப்படாதே, பயப்படாதே என்றார்கள். அது பயத்தைக் கூட்டியது. நான் ஒரு பெட்டி மட்டையைக் கிழித்துத் துண்டு துண்டாகக் கொடுத்து, "எழுதுங்கோ" என்றேன். இலங்கையின் ஆறுகள். மகாவலி, களனி, களு, வளவை. தொடங்கும் இடம், சேரும் இடம். பேனா இல்லாதவர்கள் கரிக்கட்டியால் எழுதினார்கள். நான் மெதுவாகச் சொன்னேன், அவர்கள் எழுதினார்கள். கொஞ்ச நேரத்தில் மண்டபத்தில் எழுதும் சத்தம் மட்டும்தான் கேட்டது. எழுதிக்கொண்டே ஒரு பிள்ளை நித்திரையாகிப் போனது. அடுத்த நாள் அவர்களாகவே வந்து, "டீச்சர், இண்டைக்கு என்ன?" என்று கேட்டார்கள். "மலைகள்" என்றேன்.

அதனால் முதல் நாளே கடலைப் பற்றிக் கதைக்காதே, மகன். வெளியே கூட்டிக்கொண்டு போகாதே. கரைப் பக்கம் திரும்பவும் விடாதே. மின்னலை எண்ணச் சொல்லாதே, சத்தத்துக்குப் பயந்த பிள்ளைகள் அவர்கள். இருத்தி வைத்து நோட்ஸ் கொடு. வரிசையாக, அலுப்பாக, என்னைப் போலக் கொடு. கீற்றுமுகில், படைமுகில், திரண்முகில். எழுதுகிற கைக்கு நாளைக்கும் வகுப்பு இருக்கிறது என்று தெரியும். அதற்குப் பிறகு, அவர்களாகக் கேட்கிற நாளில், உன் பாடத்தைத் தொடங்கு. அலை எப்படி வரும், எந்தப் பக்கம் ஓடவேண்டும், யாருக்குச் சொல்லவேண்டும், எல்லாவற்றையும் சொல்லு. அதில் உன்னை விஞ்ச எனக்குத் தெரியாது. முதல் நாளில் என்னை விஞ்ச உனக்குத் தெரியாது.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. அடையாள அட்டையை மேல் பொக்கற்றில் வை, ஜீன்ஸ் பொக்கற்றில் வைத்தால் எடுக்கிற நேரத்துக்குள் சந்தேகப்படுவார்கள். கரும்பலகையில் எழுதும்போது ஒரு அடி இடப்பக்கம் தள்ளி நில், எழுத்துச் சரியாது.

செயின் கதையை அங்கேயும் சொல்வாய். சொல்லத்தான் வேண்டும், அந்தப் பிள்ளைகளுக்கு அது தேவை. ஷர்மிளாவைச் சொல், சோமா அக்காவைச் சொல், கடைக்குக் கீழே சத்தமில்லாமல் நின்றவர்களைச் சொல். அதற்குப் பிறகு, உள்ளே ஒரு மேசை விசிறிக்கு முன்னால் என் அம்மா நின்றார் என்று ஒரு வசனம் சேர்த்துக்கொள். சேர்க்காவிட்டாலும் பரவாயில்லை என்றுதான் முதலில் எழுதினேன். வெட்டிவிட்டேன், ஏனென்றால் அது பொய். சேர்த்துச் சொல். அவர்கள் கை தட்டினால், எனக்கு எவ்வளவு நேரம் தட்டினார்கள், உனக்கு எவ்வளவு நேரம் தட்டினார்கள் என்று தனித்தனியாக எழுதி அனுப்பு.

அம்மா